சாலையை வெட்டாமல் குழாய் பதித்தல்



பெரம்பூரில் வாழ்பவர்களுக்குச் சாலையில் பள்ளம் தோண்டுவது புதிய காட்சியன்று. குடிநீர்க் குழாய்க்கென்று ஒருவர் தோண்டுவார்; அவர் மூடிச் சென்ற மறுமாதம் மின்சாரக் கம்பிக்கென்று மற்றொருவர் தோண்டுவார்; அவருக்குப் பின் தொலைபேசிக்கென்று மூன்றாமவர் வருவார். தோண்டிய மண் ஒரு பக்கம் குவிந்திருக்கும். தகரத் தடுப்பு மறுபக்கம் சாய்ந்திருக்கும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் குறுக்கே கிடக்கும் பலகையின்மேல் கால்வைத்துச் செல்வார்கள். ஐப்பசி மழை வந்துவிட்டாலோ, எது சாலை, எது பள்ளம் என்பதே தெரியாது. இதனாலேயே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலையை வெட்டலாகாது என்று சென்னை மாநகராட்சி தடை விதிப்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறது.

சில ஆண்டுகளாக இங்கே வேறொரு காட்சியையும் காண்கிறோம். இரவு பத்து மணிக்குமேல் சாலையோரத்தில் ஒரு யந்திரம் சாய்ந்த நிலையில் நிற்கிறது. அதன் முதுகில் உட்துளையுள்ள எஃகுத் தண்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று திருகிச் சேர்த்து, அது பூமிக்குள் செலுத்துகிறது. சற்றுத் தொலைவில் ஒருவர் கையில் சிறு கருவியொன்றைத் தாங்கியவாறு, தரையை நோக்கி மெல்ல மெல்ல நடக்கிறார். நீண்ட பள்ளம் எங்கும் இல்லை. விடிவதற்குள் யந்திரம் போய்விடுகிறது. தெருவின் இரு முனைகளிலும் இரண்டு சிறு குழிகள் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. ஆனால் அவ்விரு குழிகளுக்கும் இடையே, பூமிக்குள், ஒரு நீண்ட குழாய் புகுந்து படுத்துவிட்டது!

குழாய் பதிக்கும் பணியில் பல்லாண்டு உழைத்தவன் என்ற காரணத்தால், என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் இதைப் பற்றி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். "மண்ணைத் திறக்காமல் குழாயை எப்படி உள்ளே செலுத்தினார்கள், தம்பி?" என்பது முதற்கேள்வி. "அது சரி, அந்தக் குழாய் எங்கே இருக்கிறதென்று நாளைக்கு யாருக்குத் தெரியும்?" என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்கு விடை கூறுவது எளிது. இரண்டாவது கேள்வியே கடினமானது. நம் உயிரோடும் உடைமையோடும் தொடர்புடையது. இவ்விரண்டையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் பெரம்பூரின் மண்ணைச் சிறிது நோக்குவோம். 1856ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இவ்வழியேதான் சென்றது. அதன்பின் இருப்புப்பாதைகள் பெருகின. ரயில்வேப் பட்டறைகள் எழுந்தன. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை இப்பகுதிக்கு ஈர்த்து, 1996இல் மூடப்படும் வரை இயங்கின. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல் இயங்கத் தொடங்கிய பிறகு, செங்குன்றம் ஏரி நீர் வடிகட்டப்பட்டு நகரெங்கும் குழாய்களில் பாய்ந்தது. வீடுகள் பெருகப் பெருகப் பாதாளச் சாக்கடையும், மின்கம்பியும், தொலைபேசிக் கம்பியும் மண்ணுக்குள் இறங்கின. இப்பொழுது கண்ணாடி இழைக் கம்பியும், சமையல் எரிவாயுக் குழாயும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. இவற்றுக்கெல்லாம் கீழே, மாதவரத்திலிருந்து சிறுசேரி செல்லும் மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்கப்பாதையும் குடையப்பட்டிருக்கிறது. மேலே காணும் பெரம்பூருக்கு நிகராக, மண்ணுக்குள்ளும் ஒரு பெரம்பூர் இருக்கிறது எனலாம்.

இத்தகைய ஊரில் ஒரு புதிய குழாயை எங்கே புகுத்துவது? சாலையை வெட்டலாம் என்றால் போக்குவரத்து நின்றுவிடும். ஓட்டேரி நல்லாவை வெட்டலாம் என்றால் மழைநீருக்கு வழியில்லாமற்போகும். இருப்புப்பாதையை வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு நாள் ரயில் நின்றால் ஊரே நின்றுவிடும். இந்தத் தொல்லை உலகெங்கும் உண்டு. இருப்புப்பாதையின் அடியில் குழாயைப் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளிப் புகுத்தும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவில் கையாளப்பட்டது. அது நேராக மட்டுமே செல்லும். வழியில் திருப்ப இயலாது. விரும்பிய திசையில் திருப்பிச் செலுத்தும் முறைக்கு வழிகாட்டியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த மார்ட்டின் செரிங்டன் என்பவர். எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் துளையை வேண்டிய பக்கம் வளைத்துச் செல்லும் உபாயத்தை அவர் படுக்கை நிலைக்குக் கொண்டுவந்தார். 1971ஆம் ஆண்டில் வாட்சன்வில் என்ற ஊரின் அருகே, பஜாரோ ஆற்றின் படுகைக்கு அடியில், சுமார் 600 அடி நீளத்துக்கு ஒரு எரிவாயுக் குழாயைச் செலுத்தினார். ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. குழாய் அதன் கீழே புகுந்து மறுகரையில் வெளிவந்தது. இன்று பெரம்பூர்த் தெருவில் நாம் காணும் யந்திரம் அதன் வழித்தோன்றலே.

இனி, அது வேலை செய்யும் விதத்தைக் காண்போம். இதில் மூன்று படிகள் உண்டு.

முதற்படி, வழித்துளை இடுதல். தண்டுகளின் முனையில் பொருத்தப்பட்ட துளைமூக்கு ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். தச்சரின் உளியை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய உளியை மரத்தில் அடித்தால், அது நேரே இறங்காமல் ஒரு பக்கம் ஒதுங்கும். அதே உளியைச் சுழற்றிக்கொண்டே செலுத்தினால், சரிவு எல்லாப் பக்கமும் மாறி மாறி வருவதால் நேராகவே இறங்கும். துளைமூக்கின் இரகசியமும் இவ்வளவுதான். நேராகச் செல்லவேண்டுமானால் சுழற்றிக்கொண்டே தள்ளுவார்கள். திரும்பவேண்டுமானால் சுழற்சியை நிறுத்தி, சரிவை வேண்டிய நிலையில் வைத்து, சுழற்றாமல் தள்ளுவார்கள். அது நின்ற நிலையைக் கடிகாரத்தின் மணியைக் கொண்டு கூறுவது தொழில் வழக்கம். "பன்னிரண்டு மணி" என்றால் மேலே செல்லும். "ஆறு மணி" என்றால் கீழே இறங்கும். "மூன்று மணி" என்றால் வலப்பக்கம், "ஒன்பது மணி" என்றால் இடப்பக்கம். எஃகுத் தண்டுகள் வில்லைப்போல் சிறிது சிறிதாகவே வளையும் ஆதலால், பெரும்பாலும் 8 முதல் 20 பாகைக்குள் சாய்வாக உள்ளே நுழைந்து, படிப்படியாகச் சமமட்டத்துக்கு வந்து, மறுமுனையில் மேலே ஏறி வெளிப்படும்.

ஆனால் பூமிக்குள் இருக்கும் மூக்கு எங்கே இருக்கிறதென்று மேலே நிற்பவருக்கு எவ்வாறு தெரியும்? வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இதைக் கூறுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. துளைமூக்கின் உள்ளே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது! அது இடைவிடாமல் மின்காந்த அலையை அனுப்புகிறது. தன் சாய்வு எவ்வளவு, தன் முகம் எத்தனை மணியை நோக்கி நிற்கிறது என்ற செய்திகளையும் அவ்வலையில் ஏற்றி அனுப்புகிறது. தரைமேல் நடப்பவர் கையிலுள்ள கருவி அதைக் கேட்கும் வானொலிப் பெட்டி. அலையின் வலிமையைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. அவர் சொல்லச் சொல்ல, யந்திரத்தின்மேல் அமர்ந்திருப்பவர் திருப்புகிறார். நம் வானொலியில் சில வேளைகளில் இரைச்சல் கலப்பதுபோல், இதிலும் இரைச்சல் கலப்பதுண்டு. மின்சார ரயில் பாதையின் அருகிலும், உயர் மின்னழுத்தக் கம்பியின் அருகிலும், இரும்புக் கம்பி நிறைந்த சிமெண்டுத் தளத்தின் மேலும் கருவி தடுமாறும். பொய்யான ஆழத்தைக் காட்டிவிடவும் கூடும். பெரம்பூர் போன்ற ஊரில் இம்மூன்றும் உண்டு. ஆகவே அனுபவமுள்ளவர்கள் வேலை தொடங்குமுன்பே தரையின்மேல் நடந்து, இரைச்சல் மிகுந்த இடங்களைக் குறித்துக்கொள்வார்கள். பாதையின் அடியில் தரைமேல் நடக்க இயலாத இடங்களில், தண்டுக்குள்ளேயே கம்பி செலுத்தி அதன் வழியே செய்தி பெறும் முறையும் உண்டு.

இரண்டாம் படி, துளையைப் பெரிதாக்குதல். மூக்கு மறுமுனையில் வெளிவந்ததும் அதைக் கழற்றிவிட்டு, அகன்ற வெட்டுக்கருவியைப் பூட்டிச் சுழற்றியவாறே பின்னோக்கி இழுப்பார்கள். பொதுவாகக் குழாயின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கு அகலமுள்ள துளை வேண்டும். 300 மில்லிமீட்டர் குழாய்க்கு ஏறக்குறைய 450 மில்லிமீட்டர் துளை என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி, குழாயை இழுத்துவருதல். கறுப்புநிறப் பாலித்தீன் குழாய்த் துண்டுகளின் முனைகளை, 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய தட்டில் இளக்கி ஒட்டவைத்து, ஒரே நீண்ட குழாயாக்கி வைத்திருப்பார்கள். தண்டு சுழன்றாலும் குழாய் சுழலாதபடி இடையே ஒரு சுழல் இணைப்பைப் பூட்டி, நூலை ஊசி இழுத்துச் செல்வதுபோல் இழுத்துவந்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் துணைநிற்பது ஒரு சேறு. பென்டோனைட் என்னும் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்த சேறு அது. இம்மண் நம் நாட்டில் கட்ச் பகுதியில் ஏராளமாகக் கிடைக்கிறது. தண்டின் உட்துளை வழியே சென்று மூக்கில் பீறிடும் இச்சேறு, மண்ணை இளக்குகிறது. வெட்டிய மண்ணைச் சுமந்து வெளியே கொண்டுவருகிறது. துளையின் சுவர் சரியாமல் தாங்குகிறது. குழாய் வழுக்கிவர எண்ணெய்போல் உதவுகிறது. அசைவற்றிருந்தால் கூழைப்போல் இறுகுவதும், கலக்கினால் மீண்டும் இளகுவதும் இதன் தனிக்குணம்.

ஆயினும் இம்முறை எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. மண்ணின் இயல்பு அறிந்தே இதைக் கையாளவேண்டும். பெரம்பூர்ப் பக்கத்துக் களிமண்ணில் துளை நன்றாக நிற்கும். ஆனால் களி கருவியைப் பற்றிக்கொள்ளும். ராயபுரம், திருவொற்றியூர்க் கடலோர மணலிலோ துளை சரியப் பார்க்கும். சேறு மணலுக்குள் ஓடி மறையும். சேற்றை அளவுக்கு மீறி அழுத்தினால், அது சாலையைப் பிளந்துகொண்டு மேலே கொப்பளிக்கும். மேலும், தன் சரிவினாலேயே ஓடவேண்டிய சாக்கடைக் குழாய்க்கு 100 மீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம் என்பது போன்ற நுட்பமான அளவு வேண்டும். வில்போல் வளைந்து செல்லும் இத்துளையில் அவ்வளவு துல்லியம் கிடைப்பது அரிது. ஓரிடம் தொய்ந்தாலும் அங்கே கசடு தங்கும். அத்தகைய வேலைக்கு லேசர் ஒளிக்கற்றையைப் பின்பற்றிக் குழாயை அழுத்திச் செலுத்தும் முறையே ஏற்றது. பம்பினால் அழுத்திச் செலுத்தும் நீருக்கும், எரிவாயுவுக்கும், கம்பிகளுக்கும் துளையிடும் முறை பெரிதும் பொருந்தும்.

முதற்கேள்விக்கு விடை இவ்வளவே. இனி, பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பள்ளம் தோண்டிக் குழாய் பதித்த காலத்தில் தொல்லை மிகுதி. ஆனால் ஒரு நன்மை இருந்தது. தோண்டுபவர் கண்ணால் கண்டார். பழைய குழாய் குறுக்கே வந்தால் மண்வெட்டி அதைத் தட்டும், வேலை நிற்கும். துளைமூக்குக்குக் கண் இல்லை. அது தன் இருப்பிடத்தை மட்டுமே அறிவிக்கும்; தன் எதிரே இருப்பது இன்னதென்று அறிவிக்காது. சிமெண்டுக் குழாயாயினும், பீங்கான் குழாயாயினும் துளைத்துக்கொண்டு மறுபுறம் சென்றுவிடக்கூடும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம்.

1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கெனோஷா நகரில் ஒரு துன்பம் நேர்ந்தது. அங்கே முன்பு பூமியைத் துளைத்துப் பதித்த எரிவாயுக் குழாய் ஒன்று, ஒரு வீட்டுச் சாக்கடைக் குழாயின் வயிற்றைக் குறுக்கே ஊடுருவிச் சென்றிருந்தது. நெடுநாள் எந்தத் தீங்கும் இல்லை. பின்னொரு நாள் சாக்கடை அடைத்துக்கொண்டது. அடைப்பை நீக்க வெட்டுக்கருவியை உள்ளே செலுத்தினார்கள். அடைப்பாக நின்றது கசடு அன்று, எரிவாயுக் குழாய் என்பதை யார் அறிவார்? கருவி குழாயைக் கிழித்தது; வாயு சாக்கடை வழியே வீட்டுக்குள் புகுந்தது; வீடு வெடித்துச் சிதறி இருவர் உயிரிழந்தனர். குழாய் பதித்த நாளில் செய்த பிழை, காத்திருந்து, வேறொரு நாளில், வேறொருவர் கையால் உயிரைக் கொண்டது.

நம் வடசென்னைக்கு இச்செய்தி தொலைவானதன்று. துறைமுகத்திலிருந்து மணலி சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் குழாய்வழியே செல்கிறது. 2019இல் எண்ணூரில் திறக்கப்பட்ட நிலையத்துக்குத் திரவ எரிவாயு கப்பலில் வந்து இறங்குகிறது. நகரின் தெருக்களில் எரிவாயுக் குழாய்கள் பரவி வருகின்றன. 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்து வந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது துளையிடும் யந்திரத்தைப் பற்றிய செய்தியன்று. ஆனால் மண்ணுக்குள் இருப்பது நம் கண்ணுக்குப் படாமையால் அது இல்லாமற்போய்விடாது என்பதை அன்று கற்றோம்.

என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். பெரம்பூரின் குறுகிய தெரு ஒன்றில் துளையிடும் வேலைக்கு நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். எங்கள் கையிலிருந்த வரைபடத்தின்படி பழைய குடிநீர்க் குழாய் தெருவின் கிழக்கோரம் இருந்தது. ஆகவே மேற்கோரத்தில் துளையிட அடையாளம் செய்திருந்தோம். அத்தெருவில் பல்லாண்டுகள் குடிநீர் வால்வு திறந்துவிட்டு, ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். "தம்பி, கிழக்கே போடத்தான் முதலில் அளந்தார்கள். அந்தப் பக்கம் பெரிய மரத்தின் வேர் வந்தது. அதனாலே மேற்கே போட்டார்கள். காகிதத்தை யாரும் திருத்தவில்லை" என்றார். கையால் ஒரு சோதனைக் குழி தோண்டினோம். ஒரு மீட்டர் ஆழத்தில், எங்கள் அடையாளத்தின் நேர்கீழே, வார்ப்பிரும்புக் குழாய் உறங்கிக்கொண்டிருந்தது. அன்று அம்முதியவர் வெளியூர் சென்றிருந்தால், பல தெருக்களுக்கு மறுநாள் குடிநீர் இராது. அவர் காலத்துக்குப் பின் அவ்வறிவு எங்கே இருக்கும்? அவர் நினைவில் இருந்தது வரைபடத்தில் இருந்திருக்கவேண்டும்.

இங்கே ஓர் உண்மையை நாம் உணரவேண்டும். துளையிடும்போது ஒவ்வொரு தண்டுக்கும் ஆழத்தையும் சாய்வையும் குறித்துக்கொண்டே செல்கிறார்கள். வேலை முடியும்போது அக்குழாயின் முழு வரலாறும் அக்குறிப்பில் இருக்கிறது. அக்குறிப்பைப் பேணிச் சேர்ப்பதில்தான் நம்மிடம் குறை உண்டு. வேலைக்கு முன்பு வரைந்த வரைபடத்தையே வேலைக்குப் பின்பும் கோப்பில் வைத்துவிடுவது எளிது. உண்மையில் சென்ற வழியை வரைந்து சேர்ப்பது உழைப்பு. குழாயை இழுத்து முடித்ததோடு வேலை முடிந்ததென்று கருதுதல் கூடாது. அதன் உண்மையான வழியை நகரின் பொது வரைபடத்தில் பதித்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளவேண்டும். திறந்து பார்க்காமல் பதிக்கும் உரிமையைப் பெற்றவர்களுக்கு, பதித்ததைப் பிறருக்குக் காட்டும் கடமையும் உண்டு.

அரசாங்கமும் இத்துறையில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. தோண்டுவதற்கு முன் அறிவிக்கும் கைப்பேசிச் செயலி ஒன்று 2023ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் நாடு முழுமைக்குமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. தோண்டப்போகிறவர் இடத்தைக் குறிப்பிட்டால், அங்கே குழாயோ கம்பியோ உடையவர்களுக்குச் செய்தி போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விடை கூறவேண்டியவர் கையிலுள்ள வரைபடம் தவறாக இருந்தால், செயலி அத்தவற்றையே விரைவாகக் கொண்டுவந்து கொடுக்கும்! ஆகவே வரைபடம், மண்ணுக்குள் அலை செலுத்திப் பார்க்கும் கருவி, கையால் தோண்டும் சோதனைக் குழி ஆகிய மூன்றும் ஒத்துப்போன பின்னரே யந்திரத்தை இயக்கவேண்டும். ஒரு சோதனைக் குழிக்கு அரைநாள் ஆகும். அந்த அரைநாளை மிச்சப்படுத்த நினைப்பவரே பின்னால் பல நாட்களை இழக்கிறார்.

நேயர்களாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் வீட்டுக் குடிநீர் இணைப்பும் சாக்கடை இணைப்பும் எவ்வழியே தெருவுக்குச் செல்கின்றன என்பதை அறிந்து, ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் துளையிட வருபவர்களிடம் அதைக் காட்டுங்கள். சாலை நடுவே சேறு பொங்குவதைக் கண்டால் உடனே அவர்களிடம் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, துளையிடும் வேலை நடந்த தெருவில் உங்கள் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால், இரும்புக் கம்பியை விட்டுக் குத்தவேண்டாம். முதலில் குடிநீர் வாரியத்துக்கு அறிவித்து, "இங்கே அண்மையில் துளையிட்டுக் குழாய் பதித்தார்கள்" என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கெனோஷாவில் அந்த ஒரு செய்தியை யாரேனும் கூறியிருந்தால் இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கும்.

அன்று கேள்வி கேட்ட பெரியவரிடம் இவற்றையெல்லாம் கூறினேன். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, உள்ளே சென்று, தம் பேரனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தார். தம் வீட்டுச் சாக்கடைக் குழாய் செல்லும் வழியை, வாசற்படியிலிருந்து இத்தனை அடி என்று அளந்து, அத்தாளில் எழுதினார். தெருவில் அடுத்த யந்திரம் வந்து நிற்கும்போது அந்தத் தாள் பயன்படும். அதுபோன்ற தாள் ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்கவேண்டும் என்பதே என் விருப்பம்.

வணக்கம்.